பட்டாக்கத்தியில் கேக் வெட்டும் படத்தில் நிற்கிற பையனை என்ன செய்வது?

3 ஜூன் 2025 – வாசகர் கேள்வி

அக்கா மகனுக்கு 15 வயது. கொருக்குப்பேட்டையில் வீடு. ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு எழுதியதோடு சரி, நேற்றுப் பள்ளி திறந்தும் போகவில்லை. போன வாரம் தெருவில் ஒருவனுக்குப் பிறந்த நாள். பட்டாக்கத்தியால் கேக் வெட்டுகிறான், பக்கத்தில் இவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான், படம் எல்லோர் செல்போனிலும் சுற்றுகிறது. அக்கா வீட்டுக்காரர் பெல்ட்டால் அடித்துவிட்டார். அன்றிரவு பையன் வீட்டுக்கு வரவில்லை. காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஒரு முறை மிரட்டி வைக்கச் சொல்லலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு 10.15

கூட்டிப்போகாதீர்கள். ஒரு பையனின் பெயரைக் காவல் நிலையத்தில் முதலில் சொல்வது அவன் வீட்டாராக இருக்கக் கூடாது. மிரட்டி அனுப்புவார்கள், சரி. அடுத்த மாதம் அந்தத் தெருவில் ஒரு செல்போன் பறிபோனால் முதலில் உங்கள் அக்கா வீட்டுக்குத்தான் வருவார்கள். காவல் நிலையம் போய்வந்தவன் என்ற பெயரால் தெருவில் அவனுக்கு மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

அந்தப் படத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். கத்தியை விடுங்கள். கேக் யார் காசில் வந்தது? இவன் தோளில் கை போட்டிருப்பது யார்? அந்த ஆளுக்கு என்ன வயது, இவனுக்கு எப்போதிலிருந்து பழக்கம்? விசாரணை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

எனக்குத் தண்டையார்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை. மாலையில் ஒரு சின்ன கேரம் மன்றத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எழுதுவதெல்லாம் அங்கே கண்டதிலிருந்து.

3 ஜூன், இரவு 10.40

ஒன்று விட்டுப்போனது. பையன் இன்றிரவு வந்தால் சோறு போட்டுத் தூங்கவிடுங்கள். கேள்வியெல்லாம் நாளைக்கு.

4 ஜூன், இரவு 9.50

இப்படிப் பையன்கள் எப்படிப் போய்ச் சிக்குகிறார்கள் என்று விரிவாகக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன்.

மாலை நாலு மணியிலிருந்து ஒன்பது மணி வரை அந்தப் பையன் எங்கே இருக்கிறான், யாரோடு சாப்பிடுகிறான் என்று ஒரு வாரம் கவனித்தால் போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும். எங்கள் மன்றத்துக்கு வருகிற பையன்களில் பலருடைய அம்மாக்கள் விடியும் முன்பே வீட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள், இரண்டாம் நடையாக மாலையிலும் போகிறவர்கள். அப்பா துறைமுகத்தில் அல்லது லாரியில். வீடு திரும்பும்போது ஒன்பது, பத்து. யாரையும் குறை சொல்ல முடியாது, வாடகை அப்படி. ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தில் பையனிடம் "சாப்பிட்டாயா?" என்று கேட்கிற பெரியவர் ஒருவர்கூட வீட்டில் இல்லை.

அப்படிக் கேட்கிற ஆள் ஒருவன் தெருமுனையில் இருக்கிறான். அவன் முதல் ஆறு மாதம் எதுவுமே கேட்க மாட்டான். பரோட்டா வாங்கித் தருவான், செல்போனுக்கு ரீசார்ஜ் போட்டுவிடுவான், பைக்கை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்வான். "உன்னை எவனாவது கை வைத்தால் என் பெயரைச் சொல்" என்பான். பெல்ட் அடி வாங்கிய பையனுக்கு இந்த வாக்கியம் எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். பிறகுதான் ஒரு நாள், "இந்தப் பையை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வா." இன்னொரு நாள், "அந்த ஆள் எத்தனை மணிக்குக் கடையை மூடுகிறான் என்று பார்த்துச் சொல்."

கூடவே ஒரு பொய்யும் சொல்லிக்கொடுப்பான்: "உனக்குப் பதினெட்டு ஆகவில்லை, ஒன்றும் செய்ய முடியாது." 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு என்றிருக்கும் கொடுங்குற்றத்தில், கொலையும் அதில் ஒன்று, 16 வயது நிரம்பியவன் சிக்கினால் அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று, 18 நிறையாதவர்கள் வழக்கைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமம் பரிசீலிக்கலாம். உங்கள் அக்கா மகனுக்கு 16 ஆக இன்னும் எத்தனை மாதம்? இதை அவனிடம் மிரட்டலாகச் சொல்ல வேண்டாம், ஒரு தகவலாகச் சொல்லுங்கள்.

அதே சட்டத்தின் 83-ஆம் பிரிவு, சிறுவர்களைச் சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் என்கிறது. பையன் மாட்டும் ஒவ்வொரு வழக்கிலும் அவனை அனுப்பியவன் யார் என்று கேட்டு இந்தப் பிரிவைத் தேடிப் போட்டால் பல தெருமுனைகள் காலியாகும்.

5 ஜூன்

"எல்லாம் சினிமாவால் வந்தது" என்று எழுதியவருக்கு: சினிமா பார்த்த பையன்கள் அத்தனை பேரும் கத்தி எடுக்கவில்லை. எடுத்தவனுக்குக் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்த கை ஒன்று இருக்கிறது.

7 ஜூன், மதியம்

பெரம்பூர்ப் பெரியவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் அப்பா விளாசித்தான் வளர்த்தார், நாங்கள் ஒழுங்காகத்தானே இருக்கிறோம்." மரியாதையோடு மறுக்கிறேன் ஐயா.

என் தாத்தா பெரம்பூர் பி அண்ட் சி துணி மில்லில் வேலையில் இருந்தவர். அவரும் அடித்தார், அவர் தம்பியும் அடித்தார். ஆனால் அடித்த மறுநாள் என் அப்பாவைச் சட்டையைப் பிடித்துத் தர தரவென்று லேத் பட்டறைக்கு இழுத்துப்போய், "இவனை வைத்துக்கொள், கூலி வேண்டாம், தொழில் கற்றுக்கொடு" என்று விட்டுவிட்டு வந்ததும் அந்தச் சின்னத் தாத்தாதான். அப்பாவைக் காப்பாற்றியது அந்தப் பட்டறை. அடிக்கு அதில் பங்கில்லை. பதினைந்து வயதில் கெட்டுப்போக இருந்த பையனுக்கு, இருபது வயதில் என்னவாக இருப்போம் என்பது கண்ணுக்கு எதிரே தெரிந்தது: மில் சங்கு, சம்பள நாள், சங்கம். 1996-ல் மில் மூடியது. அந்த வரிசையே அறுந்தது. இப்போது அடி மட்டும் மிச்சமிருக்கிறது, மறுநாள் இழுத்துப்போக இடம் இல்லை.

8 ஜூன்

நேற்று எழுதியதை இரவெல்லாம் யோசித்தேன். மில் இருந்த காலத்தைப் பொற்காலமாக நினைக்க வேண்டாம். 1921 மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, சாதியாகப் பிரிந்து தொழிலாளிகள் மோதிக்கொண்டார்கள். வேலை இருந்தால் வன்முறை தானாக ஒழியும் என்று நான் சொல்ல வரவில்லை. பையனுக்கும் வேலைக்கும் நடுவே, அவனைத் தெரிந்த ஒரு மனிதர் நின்றார் என்பதைத்தான் சொல்கிறேன். தொழிற்சங்கத்துக்காரர், இரவுப் பாடசாலை வாத்தியார், குத்துச்சண்டை ஆசான் என்று யாராவது ஒருவர்.

11 ஜூன், இரவு

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். "படிப்பு ஏறவில்லை, அதனால் நின்றுவிட்டான்" என்று உங்கள் அக்கா சொன்னாராம். ஏறவில்லை என்பதற்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

எங்கள் மன்றத்தில் ஒரு பையன். கேரம் ஆட்டத்தில் காய்க் கணக்கு, சிவப்புக்கு எத்தனை, எதிராளிக்கு இன்னும் எத்தனை வேண்டும் என்று நான் பொடி தூவி முடிப்பதற்குள் சொல்லிவிடுவான். மாவட்டப் போட்டிக்கு விண்ணப்பம் நிரப்பச் சொல்லித் தாளைக் கொடுத்தேன். "தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்" என்று போனவன் வரவே இல்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவன் நண்பன்தான் காதோரம் சொன்னான், அவனுக்குப் பெயர், முகவரி தாண்டி எழுத வராது என்று. ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறவன்! எட்டு வரை தேர்ச்சியிலேயே வந்துவிட்டான். ஒன்பதில் ஆசிரியர் எழுந்து படிக்கச் சொல்கிறார், வகுப்பு சிரிக்கிறது. சிரித்தவனை அடித்தான். அதன்பிறகு பள்ளியில் அவனுக்குச் "சண்டைக்காரன்" என்று பெயர். நடந்த வரிசை இதுதான். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குக் கடைசிக் காட்சி மட்டும் தெரிந்தது.

அந்தத் தாளை அவனோடு உட்கார்ந்து நானே நிரப்பினேன். பிறகு தினமும் ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் நாளிதழின் விளையாட்டுப் பக்கம். முதலில் தலைப்பு மட்டும்.

கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. உங்கள் பையனைப் போன்ற 15 வயதுக்காரனைத் தேடி யாரும் வீட்டுக்கு வர வேண்டிய சட்டக் கடமை இல்லை. அதனால் நீங்கள் போங்கள். இந்த வாரமே தலைமை ஆசிரியரைப் பாருங்கள், பள்ளி திறந்து சில நாள்தான் ஆகிறது, பெயர் இன்னும் பதிவேட்டில் இருக்கும். மாற்றுச் சான்றிதழை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அதை வாங்கிய வீட்டில் பையன் திரும்பிப் பள்ளிக்குப் போனதை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். முடியவே இல்லை என்றால் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சிக்கே சில பிரிவுகள் உண்டு, 14 வயது நிரம்பியிருந்தால் போதும்.

11 ஜூன், சற்றுக் கழித்து

இதைச் சொல்லாமல் தூக்கம் வராது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரை. மதிய சத்துணவு பத்தாம் வகுப்பு வரை. இரண்டும் அருமையான காரியம், எங்கள் தெருப் பிள்ளைகள் முகத்தில் தெரிகிறது. ஆனால் பதினான்கு, பதினைந்து வயதில் வளர்கிற உடம்புக்கு மாலை ஆறு மணிக்கு வயிற்றைக் கிள்ளும். அந்த நேரத்துக்கு எந்தத் திட்டமும் இல்லை, தெருமுனைப் பரோட்டாதான் இருக்கிறது. மன்றத்தில் சுண்டல் போட ஆரம்பித்த பிறகு வருகிறவர்கள் கூடினார்கள், ஏழு மணிக்கு முன் கிளம்புகிறவர்கள் குறைந்தார்கள்.

14 ஜூன்

கால்பந்தா கேரமா என்று வாசகர்களுக்குள் ஒரு தனிச் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் நம்முடையதுதான். வட சென்னையிலிருந்து நந்தகுமார் சேகர் இந்தியக் கால்பந்து அணிக்கே போனார். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் வென்ற ஆட்டத்தில் கோல் அவருடையது. வியாசர்பாடியின் இளவழகி 2008-ல் உலகக் கேரம் சாம்பியன். போன ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் புது வண்ணாரப்பேட்டையின் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். அவர் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். அன்று எங்கள் மன்றத்தில் பையன்கள் பலகையைத் தட்டித் தட்டி ஆர்ப்பரித்ததில் பக்கத்து வீட்டுப் பாட்டி எழுந்து வந்து, விஷயம் கேட்டுவிட்டு, தானும் உட்கார்ந்துகொண்டார்.

ஆனால் சாம்பியன் கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் விஷயம் கைநழுவிப்போகும். சாம்பியன் ஆகாத பையன்களுக்குத்தான் மைதானம் அதிகம் தேவை. மாவட்டத்தில் முதல் சுற்றிலேயே தோற்று, மறுநாளும் வந்து பலகையைத் துடைக்கிறவன் இருக்கிறானே, அவனுக்கு ஒன்பது மணி வரை ஓர் இடம் இருக்கிறது. எனக்கு அவன் கணக்குதான் முக்கியம்.

14 ஜூன், இரவு

விளையாட்டு மன்றம் என்றாலே நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். பனியன் வாங்கிக் கொடுத்தது யார் என்று பாருங்கள். போட்டி நடத்தப் பணம் தருகிறேன், பேனரில் என் படம் மட்டும் போதும் என்று வருகிறவர்கள் உண்டு. ஓராண்டு கழித்து அந்தப் பையன்களைத் தேர்தல் வேலைக்கும், கட்டப் பஞ்சாயத்துக்கும், இன்னும் எதெதற்கோ கேட்பார்கள். நாங்கள் மாதம் வீட்டுக்கு இருபது ரூபாய் என்று தெருவில் வசூல் செய்கிறோம். சுண்டலும் பல்பும் பொடியும் அதில்தான். சில மாதம் கைக்காசு போட வேண்டி வரும். வரட்டும்.

17 ஜூன்

மாத்திரையைப் பற்றிக் கேட்ட எர்ணாவூர் அம்மாவுக்கு. டபென்டடால் என்கிற வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை, முழங்கை மடிப்பில் தழும்பு, குளியலறையில் நெடு நேரம், அலமாரியில் சில்லறை குறைவது: இதில் இரண்டு சேர்ந்தால் கேளுங்கள். கத்தாமல் கேளுங்கள். வெட்டுக் குத்து நடந்த இரவுகளில் பல பையன்கள் சுயநினைவில் இருந்திருக்கவில்லை என்பதைக் காலையில் அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். இதை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் நினைத்து வீட்டில் பூட்டிவைக்காதீர்கள், மருத்துவர் வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. முதலில் பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416. குழந்தைகள் உதவி எண் 1098. சிறுவருக்குப் போதைப் பொருள் கொடுத்தவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

20 ஜூன், நள்ளிரவு

இன்று நடந்ததை எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும். எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவனை அடிதடி வழக்கில் கூட்டிப்போய்விட்டார்கள். அம்மா ஓடி வந்தார். பையனுக்கு மீசை அடர்த்தி, ஆள் வளர்த்தி. பார்த்தவுடன் "இருபது இருக்கும்" என்று எழுதிவிட்டார்கள். அவனுக்கு 17.

அந்த அம்மா சமையலறை அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தார். உள்ளே ரேஷன் அட்டை, நகை அடகுச் சீட்டு, தடுப்பூசி அட்டை, மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழ். மடித்த இடத்தில் சான்றிதழ் கிழிந்து, ஆண்டின் கடைசி இலக்கம் அந்தக் கிழிசலில் போயிருந்தது. பள்ளிச் சான்று? வீடு மாறும்போது தொலைந்தது. பதினொரு மணிக்கு அவன் படித்த பள்ளியின் எழுத்தரை அவர் வீட்டில் போய் எழுப்பினோம். அந்த மனிதர் கைலியோடு வந்து, காலையில் முதல் வேலையாகப் பதிவேட்டைப் பார்த்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அவரை மறக்க மாட்டேன்.

ஏன் இவ்வளவு பதற்றம் என்றால், எல்லாமே வயதில் நிற்கிறது. 18 நிறையாதவனைக் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வயதுக்கு ஆதாரமாகப் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் முதலில் எடுபடும். அது இல்லாவிட்டால் மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. இரவு பதினொரு மணிக்கு இவற்றைத் தேடிப் பிடிக்க முடியாது. வீட்டில் பதின்ம வயதுப் பையன் இருக்கிற ஒவ்வோர் அம்மாவும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பக்கத்தில் நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள். பையன் தப்புச் செய்வான் என்று எண்ணி இதைச் சொல்லவில்லை. தப்பே செய்யாதவனும் கூட்டத்தோடு சேர்ந்து போகிற ஊர் இது.

21 ஜூன்

எழுத்தர் சொன்னபடி செய்தார். பையன் கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்தில், அதாவது வழக்கு நடக்கும்போது சிறுவர்களை வைத்திருக்கும் இல்லத்தில், இருக்கிறான்.

ஜாமீன் பற்றி: சிறுவருக்கு விடுவிப்புதான் விதி. வெளியே போனால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான் என்று தோன்றினால் மறுக்கலாம். அதனால் நன்னடத்தை அலுவலர் வீட்டைப் பார்க்க வரும்போது, பையன் எங்கே தங்குவான், காலையில் எங்கே போவான், மாலையில் யார் பொறுப்பு என்று சொல்ல வீட்டிடம் பதில் இருக்க வேண்டும். அந்த அம்மாவோடு உட்கார்ந்து இதைத்தான் பேசினோம். முதல் ஒரு மாதத்துக்குத் திருவள்ளூரில் மாமா வீடு. பிறகு மாலையில் நம் மன்றம். முதல் வழக்குக்கும் இரண்டாம் வழக்குக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் தெருமுனை ஆள் வக்கீல் செலவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். அவனுக்கு முன்னால் நாம் போய் நிற்க வேண்டும். இத்தனை நாள் எழுதியதில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

22 ஜூன்

"வெட்டினவனுக்கே இவ்வளவு பேசுகிறீர்கள், வெட்டுப்பட்டவன் வீட்டைப் பற்றி ஒரு வரி உண்டா?" என்று கேட்டவர் நியாயமாகக் கேட்டிருக்கிறார்.

எனக்குத் தெரிந்த வீடு ஒன்று. மூத்தவன் போய்விட்டான். சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, கீழே நண்பர்கள் படம் வரிசையாக. தம்பிக்கு அப்போது 13. தினமும் பள்ளிக்கு அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். எதிரே வருகிறவர்கள் எல்லாம் அவனைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்காமல் கேட்டார்கள்: "சும்மாவா விடப் போகிறாய்?" நினைவு நாள் நெருங்கும்போதெல்லாம் அவன் அம்மாவுக்குக் காய்ச்சல் வரும். வழக்கு ஒரு பக்கம் நடக்கிறது, அந்தத் தம்பியோடு உட்கார்ந்து பேச வந்தவர் அரசுத் தரப்பில் ஒருவருமில்லை. அடுத்த கொலை அங்கிருந்து முளைக்கும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் 2005-ல் போலீசே வன்முறைக் குறைப்புக்கென ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. 2008-ல் கோஷ்டிப் பையன்களை நீதிமன்ற அறைக்கு அழைத்து உட்காரவைத்தார்கள். விசாரணைக்கு அல்ல. மகனைப் பறிகொடுத்த தாய் எழுந்து பேசினார், காயத்தைத் தைக்கிற மருத்துவர் பேசினார். முடிவில், விட்டு வெளியே வர விரும்புகிறவனுக்கு ஒரு தொலைபேசி எண் கொடுத்தார்கள், அழைத்தவனுக்குப் படிப்பு, வேலைக்கு வழி செய்தார்கள். நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெட்டுக் காயத்தோடு பையன் கட்டிலில் கிடக்கிற இரவில், கூட்டாளிகள் வாசலில் பழிக்குத் திட்டம் போடுகிறபோது, கட்டில் ஓரமாக உட்கார ஒரு சமூகப் பணியாளரை நம் அரசு மருத்துவமனைகளில் வைக்க முடியாதா? சென்னையில் எங்காவது தொடங்க வேண்டுமென்றால் ஸ்டான்லியில் தொடங்கலாம்.

26 ஜூன்

கேள்வி கேட்டவர் செய்தி அனுப்பியிருக்கிறார். பையன் பள்ளிக்குப் போய் ஆறு நாளாகிறது, நடுவில் ஒரு நாள் மட்டம். அவன் அப்பா இரவு நடையை மாற்றிக்கொண்டு எட்டரைக்கு வீட்டில் இருக்கிறாராம். இருவரும் இன்னும் அதிகம் பேசிக்கொள்வதில்லை, சேர்ந்து சாப்பிடுகிறார்கள். போதும், இப்போதைக்கு அதுவே பெரிது. மட்டம் போட்ட நாளைப் பெரிதாக்காதீர்கள். படத்தில் தோளில் கை போட்டிருந்தவன் இன்னும் தெருவில்தான் இருக்கிறான், அதனால் மாலை நேரத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து எங்கள் மன்றம் தூரமில்லை. சைக்கிளில் அனுப்புங்கள்.

29 ஜூன்

மன்ற அறையில் இனிமேல் இடம் கொள்ளாது. பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் பார்த்தோம். மாலை நாலரை முதல் எட்டு வரை மைதானத்தைத் திறந்துவிடச் சம்மதித்திருக்கிறார்கள். நிபந்தனை இரண்டு: காவலாளிக்குக் கூடுதல் நேரச் சம்பளம் நம் பொறுப்பு, ஒவ்வொரு நாளும் பெரியவர் இருவர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும். காவலாளிப் பணத்தைத் தெருக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். திங்கள், செவ்வாய், வெள்ளிக்கு ஆள் இருக்கிறது. புதனுக்கு ஒருவர் குறைகிறார். வியாழனுக்கு யாருமே இல்லை. பெரம்பூர்ப் பெரியவரே, உங்களுக்கு வியாழன் ஒழியுமா? பந்து எறிய வேண்டாம், நாற்காலி போட்டு உட்கார்ந்து, பையன்களின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். சுண்டல் நாங்கள் கொண்டுவருகிறோம்.